முழங்கையால் கேட்ட கலியாணப் பேச்சு

மாப்பிள்ளை வீட்டார் வரப்போகும் நாளில் பெண் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு முன்னால். நான் இருந்த இடம் சாப்பாட்டு மேசைக்குக் கீழே.

புது உடுப்போடு மல்லாந்து படுத்திருந்தேன். வாயில் திருகாணிகள். ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், மறு கையில் கைப்பேசி வெளிச்சம். மேசையின் அடிப்பக்கத்தில், செம்புக் கம்பிச் சுருளுக்குள், விரல் நீளமான ஒரு சாம்பல் நிறக் கோல் நின்றுகொண்டிருந்தது.

உம்மாவின் கால்கள் வந்தன.

"சுமையா! எங்க கிடக்காய் புள்ள? அஸர் தொழுதிட்டு வந்திருவாங்க!"

"இங்கதான் உம்மா."

"எங்க?"

"கீழ."

உம்மா குனிந்து பார்த்தார். "யா அல்லாஹ்! இண்டைக்குமா இந்தக் குச்சி?"

அதற்குள் வாப்பாவின் கால்களும் வந்து நின்றன. வாப்பா குனியவில்லை. மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். முடிந்ததா என்று கேட்கிறார். நான் அடியிலிருந்து பதிலுக்குத் தட்டினேன். முடிந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் ஆய்வுகூடத்துக்குள் குடியிருந்த பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் ராத்தா தொலைபேசியில் கேட்டார்: "பூனையெல்லாம் சரி. நீ அங்க என்னத்தத்தான் ஆராய்ச்சி செஞ்சாய்?" அக்காவுக்கே தெரியவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் இந்த வாரம் அந்தக் கோலின் கதை. என் கலியாணத்தின் கதையும் அதுதான். இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

வாசல்தான் பழுது

முதலில் வாப்பாவின் காது.

சின்ன வயதில் சாய்ந்தமருதுக் கடலில் நாள் முழுக்கக் கிடந்து குளித்தவர். காதில் சீழ் வைத்து, காய்ந்து, மறுபடி வைத்து, கடைசியில் இரண்டு செவிப்பறைகளும் ஓட்டையாகிவிட்டன. "உள்காது தங்கம் மாதிரி இருக்குது, வாசல்தான் பழுது" என்று டொக்டர் சொன்னாராம். காதுக்குள் வைக்கும் கருவியை வைத்தால் சீழ் கூடியது. அது ஒரு மாதத்துக்குள் அலுமாரிக்குப் போனது. தலையில் பட்டி மாதிரிக் கட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது, எலும்பு வழியாகக் கேட்கலாம் என்றும் சொன்னார்கள். "மனிசன்ட தலைக்குப் பூட்டுப் போடுறதா?" என்று கேட்டுவிட்டு வாப்பா எழுந்து வந்துவிட்டார்.

வாப்பா அரிசி மில் வைத்திருந்தார். ஒரு வேடிக்கை என்னவென்றால், மில் ஓடும்போது வாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த இரைச்சலில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். இரைச்சல் வாப்பாவின் காதுக்குள் அவ்வளவாகப் போகாது, கத்தல் மட்டும் போகும். நெல் கொண்டுவருகிற ஆட்கள், "ஹாஜியாருக்கா காது கேக்காது? எங்களுக்குத்தான் கேக்கல்ல" என்பார்கள்.

வீட்டில்தான் கஷ்டம். வாப்பா மெதுவாகக் கதைப்பவர். அவருடைய குரல் அவருடைய எலும்பு வழியாக அவருக்கு நன்றாகவே கேட்கும். கத்துவது நாங்கள். சோறு வேணுமா என்பதிலிருந்து குடும்ப ரகசியம் வரைக்கும் எல்லாவற்றையும் உம்மா மில் சத்தத்தில்தான் சொல்வார். எனக்கு வந்த முதல் சம்பந்தம் அப்படித்தான் போனது. "மாப்புளக்கு மண்டையில மயிர் இல்ல!" என்று உம்மா வாப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது தரகர் கேற்றைத் திறந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையும் கூடவே நின்றார்.

ஒரு ஓம்

இது சிரிப்புக் கதை இல்லை. ராத்தாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கலியாணப் பேச்சு வந்தது. பெரியவர்கள் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் சிரித்த முகத்தோடு, தணிந்த குரலில், "கலியாணத்துக்குப் பொறகு புள்ள படிக்கப் போகத் தேவல்லதானே?" என்று கேட்டார். வாப்பாவுக்குக் கேட்கவில்லை. எதிரில் இருந்தவர் சிரித்ததால் இவரும் சிரித்தார். "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

சபையில் சொன்ன ஓம். அதைத் திருப்பி எடுக்க ஒருவராலும் முடியவில்லை. ராத்தா போகவில்லை. மச்சான் நல்ல மனிதர், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அதெல்லாம் வேறு. வாப்பா மட்டும் அதற்குப் பிறகு சபைகளில் தலையாட்டுவதை விட்டுவிட்டார். யார் எதைச் சொன்னாலும் தாடையைக் கையில் ஊன்றிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருப்பார்.

விகாரம்

அப்போது நான் பொறியியல் பீடத்தில் விரிவுரையாளருக்கு உதவியாளர். கூடவே முதுகலை ஆய்வு. என் ஆய்வு முழுவதும் அந்தக் கோல்தான்.

இரும்போடு இரண்டு அரிய உலோகங்களைக் கலந்து செய்தது. பார்வைக்குக் கரிக்கட்டி. அதைச் சுற்றிக் கம்பியைச் சுருட்டி மின்சாரம் விட்டால் சுருளுக்குள் காந்தப்புலம் வரும். காந்தப்புலம் வந்தால் கோல் நீளும். எவ்வளவு? ஒரு தலைமுடியின் தடிப்பு அளவுக்கு. உம்மாவிடம் இதைப் பெருமையோடு சொன்னபோது, "இதுக்கா ஒவ்வொரு நாளும் பஸ்ஸில போறாய்?" என்றார்.

ஆனால் அந்த ஒரு முடி அளவை அது தள்ளுகிற தள்ளு இருக்கிறதே, அது ஆளையே தூக்கும். அதுவும் ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான முறை. கடலுக்கு அடியில் சத்தம் அனுப்பும் கருவிகளில் இந்தக் கோலை வைக்கிறார்கள். சாதாரண இரும்புக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. கல்முனைச் சந்தியில் ட்ரான்ஸ்போமருக்குக் கீழே நின்றால் ஊம் என்று ஓர் உறுமல் கேட்கும். உள்ளே இருக்கிற இரும்பு அப்படி நீண்டு சுருங்குவதுதான் அந்த உறுமல்.

கோலுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. சும்மா விட்டால் கொஞ்சமாகத்தான் நீளும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்து நெருக்கிப் பிடித்தால் அதிகமாக நீளும். உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கின்றன. நெருக்கும்போது அவை குறுக்காகப் படுத்துக்கொள்ளும். காந்தப்புலம் வந்ததும் ஒன்றாக எழுந்து நிற்கும். முதலிலேயே பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தால் எழும்புவதற்கு ஆள் ஏது? அதற்காகத்தான் முதலில் எல்லோரையும் படுக்க வைப்பது. அளவுக்கு மீறி நெருக்கினால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். எவ்வளவு நெருக்கினால் எவ்வளவு நீளும் என்று அளப்பதுதான் என் வேலை.

நெருக்கலை அது எவ்வளவும் தாங்கும். இழுத்தால் தாங்காது. பிஸ்கட் மாதிரி முறியும். ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு கோல். இழுத்துப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்படி விசைப்பட்டு ஒரு பொருளின் நீளம் மாறும் விகிதத்துக்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்திருக்கிற பெயர் 'விகாரம்'. பக்கத்து வீட்டார், "மகள் என்ன படிக்கா?" என்று கேட்டால் உம்மா வாயைத் திறக்கவே மாட்டார். "மாப்புள ஊட்டாக்கள் கேட்டா, விகாரம் எண்டு மட்டும் சொல்லிராத புள்ள" என்பது எனக்கு வந்த கட்டளை.

குருவி பாடியது

ஒரு வேலைநிறுத்தம் வந்து பல்கலைக்கழகத்தை மூடும் நிலை. எங்கள் பேராசிரியர், அவரை நாங்கள் மிஸ் என்போம், கோலை ஒரு பெட்டியில் வைத்து என்னிடம் தந்தார். "இங்க பூட்டிக் கிடக்கிறத விட உங்களிட்ட இருக்கட்டும். கவனம்."

வீட்டில் அளக்கும் கருவிகள் இல்லை. கையும் சும்மா இருக்கவில்லை. முதிரை மரத்தில் செய்த எங்கள் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தில் கோலின் ஒரு நுனியைப் பசையால் ஒட்டினேன். மறு நுனியைக் கால்களுக்கு இடையே ஓடும் குறுக்குச் சட்டத்தில் இறுக்கினேன். ஒலிபெருக்கிக் கடைக்காரரிடம் பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கினேன். வானொலிச் செய்தியைச் சுருளுக்குள் விட்டேன்.

மேசை பேசியது. ஆனால் செய்தி வாசிப்பவர் குருவிக்கூட்டம் மாதிரிக் கீச்சிட்டார். கோலுக்குக் காந்தத்தின் வடக்கும் தெற்கும் ஒன்றுதான். எந்தப் பக்கம் காந்தம் வந்தாலும் நீளத்தான் செய்யும். ஒரு அசைவு கேட்டால் இரண்டு அசைவு தரும். அதைச் சரிப்படுத்த, பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி அதன் வளையக் காந்தத்தைப் பக்கத்தில் வைத்தேன். இப்போது கோல் எந்நேரமும் பாதி நீண்ட நிலையில் நின்றது. மின்சாரம் ஒரு பக்கம் போனால் இன்னும் நீளும், மறு பக்கம் போனால் சுருங்கும். குருவி போய் மனிதக் குரல் வந்தது.

சத்தம் கூடிவிட்டதென்று நன்றாகக் குறைத்தேன். மின்விசிறி இரைச்சலில் என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாப்பா தேத்தண்ணி குடிக்க வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல முழங்கையை மேசையில் ஊன்றி, மடக்கிய கையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார்.

கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"மகள்," என்றார் மெதுவாக. "நாளைக்கு மழையாம்."

மேசையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து கை, கையிலிருந்து மண்டையோடு. பழுதான வாசலைச் சுற்றிக்கொண்டு சத்தம் உள்ளே போய்விட்டது.

ஓடிப்போய் ஒரு சின்ன மைக்கை அம்ப்ளிஃபயரில் கொழுவி, உம்மாவைக் குசினியிலிருந்து இழுத்துவந்தேன். "வாப்பாவோட கதைங்க உம்மா. மெதுவா."

"மெதுவா எப்படிக் கதைக்கிற?" என்று உம்மா கத்தினார். பழக்கம் விட்டுப் போயிருந்தது. தொண்டையைச் செருமினார். மைக்கைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு, நான் பிறந்த நாள் முதல் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்:

"சோறு போடவா?"

வாப்பா முழங்கையை எடுத்தார். மறுபடி ஊன்றினார்.

"இன்னொருக்காச் சொல்லு."

"சோறு போடவாங்க?"

"உன்ட குரல் அப்படியேதான் இரிக்கி," என்றார் வாப்பா.

உம்மா குசினிக்குப் போனார். கொஞ்ச நேரம் அங்கே சட்டிகள் தேவையில்லாமல் சத்தம் போட்டன.

பூச்சாடியும் பூனையும்

மேசை வழியாகக் கேட்கும் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொன்னவர் வாப்பா. அவருக்குள் அவ்வளவு குறும்பு இருந்தது எனக்கே புதிது. அடுத்த சம்பந்தம் அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தது. மாப்பிள்ளை அஸ்மி, பல் டொக்டர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் வீட்டையும் பார்ப்பார்கள், வீட்டிலிருக்கும் ஆட்களையும் பார்ப்பார்கள்.

"இந்த முறை நான் கேட்டிட்டுத்தான் ஓம் சொல்லுவன்," என்றார் வாப்பா. அதற்குப் பிறகு நான் மேசைக்குக் கீழே போகாமல் இருப்பேனா?

மைக்கை மேசை நடுவில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடிக்குள் ஒளித்தேன். அம்ப்ளிஃபயரை அடுத்த அறைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அதிலிருந்து ஓர் இயர்ஃபோனை இழுத்து முக்காட்டுக்குள் காதில் செருகிக்கொண்டு கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன். அளவாகக் குறைத்திருந்ததால் மேசையில் கை ஊன்றியவருக்கு மட்டும் கேட்கும்.

வந்தவர்கள் மூன்று பேர். அஸ்மி, அவருடைய உம்மா ஹமீதா மாமி, மாமியின் காக்கா, அதாவது அண்ணன், லத்தீப் மாமா. லத்தீப் மாமாவுக்கு அக்கரைப்பற்றில் இரும்புச் சாமான் கடை. அந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சையும் முடித்துவைப்பவர் அவர்தான் என்பது அவர் கதிரையை இழுத்த விதத்திலேயே தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று வாப்பாவின் முகத்துக்கு நேரே போய் அலறினார். பிறகு உட்கார்ந்து, பூச்சாடிப் பக்கம் சாய்ந்து, தங்கையிடம் முணுமுணுத்தார். "பாவம், செவிட்டு மரம்."

பூச்சாடிக்கு மிக அருகில் சாய்ந்துவிட்டார். மைக்கும் மேசையும் ஒன்றுக்கொன்று கதைக்கத் தொடங்கி, கூ என்று ஓர் ஊளை கிளம்பியது. நான் கட்டிலுக்குக் கீழே பாய்ந்து சத்தத்தைக் குறைத்தேன்.

"என்ன அது?" என்றார் மாமி.

"பூன!" என்று உம்மா கத்தினார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார்.

மாமி அஸ்மியின் காதோடு சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பொண்ட உம்மாட குரல் என்னா குரல் மகன்! நீ இந்த ஊட்டுல இருந்தா உன்ட காதும் போயிரும்."

வாப்பா முழங்கையை ஊன்றியபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் அசைவில்லை. தாடி மட்டும் லேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

தேத்தண்ணியில் வட்டங்கள்

அஸ்மி வந்ததிலிருந்து ஒன்றும் கதைக்கவில்லை. தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் என்று நினைத்தேன்.

அவர் பார்த்தது தேத்தண்ணியை. லத்தீப் மாமா கதைக்கும்போதெல்லாம் அதன் மேல் மெல்லிய வட்டங்கள் நடுங்கின. கதை நின்றால் வட்டங்களும் நின்றன.

அஸ்மி கரண்டியைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தார். நான் திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டியை எடுக்க ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவர் அவ்வளவு நேரத்துக்கு மேல் கீழேயே இருந்தார்.

நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டிலிருந்து ரோல்ஸ் எடுப்பதுபோலப் பூச்சாடிப் பக்கம் நீண்டு, உதடு அசையாமல் சொன்னார்:

"மாமா, நான் கதைக்கிறது கேக்குதா? கேட்டா தொப்பியத் திருத்துங்க."

வாப்பா மெதுவாகக் கையை உயர்த்தித் தொப்பியைத் திருத்தினார்.

"என்ன மகன்?" என்றார் மாமி.

"பூ நல்லாரிக்கி எண்டன் உம்மா."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் போனது. உம்மா வட்டிலப்பம் பரிமாறினார். அந்தச் சலசலப்பில் மறுபடி அந்தக் குரல். இந்த முறை சிரிப்பில்லை. "மாமா, லத்தீப் மாமா இப்ப சிரிச்சிக்கிட்டு ஒண்டு கேப்பார். வரும்போது வேன்ல கதைச்சவங்க. ஓம் சொல்லிராதீங்க. வேலைக்குப் போற பொண்ணெண்டுதான் நான் வந்தன்."

முன்பின் பார்த்திராத ஓர் ஆள். என் காதுக்குள், எனக்காக, என் வாப்பாவிடம் கெஞ்சுகிறார். நான் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எப்படி நின்றேன் என்று எழுதுவதற்கு இந்தப் பத்திரிகை இடம் தராது. நானும் எழுதமாட்டேன்.

லத்தீப் மாமா கையைத் துடைத்தார். பெரிதாகச் சிரித்தார். வட்டிலப்பம் ருசியாக இருக்கிறது என்று சொல்கிற முகத்தோடு, தணிந்த குரலில் கேட்டார்:

"கலியாணத்துக்குப் பொறகு புள்ள கெம்பஸ் போகத் தேவல்லதானே?"

அதே கேள்வி. அதே சிரிப்பு. ஆள்தான் வேறு. உம்மாவின் கையில் இருந்த பீங்கான் தட்டு கிண் என்று மேசையில் இடித்தது.

வாப்பாவும் சிரித்தார். பிறகு, தன்னுடைய மெல்லிய குரலில் சொன்னார்:

"அத அவள்ட்டத்தான் கேக்கணும். அவள் போவாள் எண்டுதான் நான் நினைக்கன்."

லத்தீப் மாமா எட்டி வாப்பாவின் காதைப் பார்த்தார்.

"உங்களுக்குக் காது…" என்றார் லத்தீப் மாமா.

"சில நேரம் கேக்கும்."

மாமா தங்கையிடம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "வாயப் பாத்துக் கண்டுபிடிக்கான்," என்றார்.

"வாயத்தான் மறைச்சிட்டீங்களே," என்றார் வாப்பா.

மாமா முழுவதுமாகத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சு மாதிரிச் சொன்னார். "வட்டிலப்பத்துல சீனி கூட."

"அடுத்த முறை குறைக்கச் சொல்றன்."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மாமாவுக்கு வியர்த்துவிட்டது. எழுந்து நின்றார். "சரியான வெக்கையா இரிக்கி. மேசைய ஃபேனுக்குக் கீழ எடுப்பம்," என்று மேல்பலகையின் விளிம்பில் கையைக் கொடுத்தார்.

மேல்பலகை தளர்ந்து பல வருடங்கள். கோலின் ஒரு நுனி அதில் ஒட்டியிருக்கிறது. மறு நுனி குறுக்குச் சட்டத்தில். பலகை மேலே போனால் நெருக்கல் போய்விடும். அதற்குப் பிறகு இழுவைதான்.

"தூக்காதீங்க!"

மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உம்மாவின் மகள் என்பதை அந்தத் தெருவுக்கே நிரூபித்தேன்.

டக் என்றது.

மேசைக்குக் கீழே

ஸலாம் சொல்லவில்லை. முக்காட்டைச் சரி செய்யவில்லை. எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் ஊர்ந்து மேசைக்குக் கீழே போனேன். கோல் நடுவால் இரண்டாகியிருந்தது. முறிந்த முகம் பளபளவென்று சீனிக்கல் மாதிரி மின்னியது.

பக்கத்தில் இன்னொருவரும் ஊர்ந்து வந்தார்.

"இழுவையா?" என்றார் அஸ்மி.

"ஓம். நெருக்கினா தாங்கும். இழுத்தா தாங்கா."

"எங்கட பல் ஊத்தை எடுக்கிற மெசினுக்குள்ளயும் இதுட தம்பி மாதிரி ஒண்டு இரிக்கி. நிக்கல் தகடு. நீளுற சாதி இல்ல, சுருங்கிற சாதி. அதுதான் தேத்தண்ணியப் பாத்ததும் சந்தேகம் வந்த."

"கண்டும் ஏன் சொல்லல்ல?"

"சொன்னா உங்கட வாப்பாக்குக் கேக்காமப் போயிருமே."

நான் இயர்ஃபோனைக் காதிலிருந்து இழுத்து அவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பூச்சாடிக்குச் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று புரிந்ததும் அவருடைய காதுகள் சிவந்தன. எனக்கும்தான்.

வெளியே வந்தபோது மாமி இடுப்பில் கை வைத்து நின்றார். "இது என்னகா? நீ என்னதான் படிக்காய்?"

உம்மா கண்ணால் கெஞ்சினார். ஆனால் எனக்கு வேறு சொல் வரவில்லை.

"விகாரம், மாமி."

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோல், காந்தம், முழங்கை, எல்லாம். மாமி கேட்டுக்கொண்டே வாப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்ப, நான் உங்கட பொஞ்சாதிட குரலப் பத்திச் சொன்னதும் கேட்டதா?"

வாப்பா முழங்கையை மேசையில் ஊன்றியபடியே இருந்தார். மாமியின் வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முழங்கையைக் கொஞ்சம் தள்ளி ஊன்றிப் பார்த்தார்.

"இப்ப ஒண்டும் கேக்குதில்ல மகள்," என்றார்.

லத்தீப் மாமா என் கையில் இருந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தார். அவருடைய முகம் விழுந்துபோனது. அவர் கெட்டவர் இல்லை. எல்லாப் பேச்சையும் தானே முடிக்க வேண்டும் என்ற நோய் பிடித்தவர், அவ்வளவுதான். வாப்பாவின் அருகே போய்க் குனிந்து, அலறாமல், ஒவ்வொரு சொல்லாக, வாய் தெரிய, "மாப் பண்ணுங்க மச்சான்," என்றார்.

வாப்பாவுக்கு அது விளங்கியது. பக்கத்துக் கதிரையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

மாமி மட்டும் உம்மாவிடம் போய், உம்மாவின் காதுக்கு நேரே, உம்மாவின் சத்தத்திலேயே சொன்னார்: "எங்களுக்குப் புடிச்சிரிக்கி! நாளப் பாருங்க!" அந்தத் தெரு முழுவதும் அன்றைக்கே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டது.

இழுத்தவர் யார்?

வேலைநிறுத்தம் முடிந்ததும் இரண்டு துண்டுகளையும் பஞ்சில் வைத்து மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். பஸ்ஸில் முழு வழியும் ஓதிக்கொண்டு போனேன்.

மிஸ் முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"சுத்தமான இழுவை முறிவு. இழுத்தது யார்?"

"மாப்பிள்ளையிட மாமா, மிஸ்."

"எவ்வளவு விசை?"

"அளக்கல்ல. கோபத்தோட தூக்கினார்."

மிஸ் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை மாணவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் செய்யத் துணியாத சோதனையை ஓர் இரும்புக் கடை முதலாளி செய்து தந்துவிட்டார். முறிந்த துண்டுகளும் சாகவில்லை. பாதிக் கோல் பாதி முடி நீண்டது. மிச்ச அளவைகளை அதில் எடுத்தேன். முறிந்த முகத்தைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதினேன். அதுதான் ஆய்வேட்டிலேயே நன்றாக இருக்கிறது என்று மிஸ் சொன்னார்.

வாப்பா இப்போது தலைப்பட்டிக் கருவி கட்டுகிறார். அஸ்மிதான் தன் நண்பரான காது டொக்டரிடம் கூட்டிப்போனார். பூட்டு என்று சொல்லி ஒதுக்கியவர், தொப்பிக்குள் மறைந்துவிடும் என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். ஒருமுறை கேட்டுவிட்ட மனிதருக்கு மறுபடி கேட்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். முதல் வேலையாக ராத்தா வீட்டுக்குப் போனார். அங்கே இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் ராத்தா பாலமுனையில் ஒரு சின்னப் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பிக்கப் போனார். மச்சான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

ஆய்வேட்டின் நன்றியுரையில், மிஸ்ஸின் பெயருக்கும் வாப்பாவின் பெயருக்கும் பிறகு, ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். இழுவைச் சோதனைக்கு வேண்டிய விசையை அன்போடு வழங்கிய ஜனாப் லத்தீப் அவர்களுக்கு நன்றி. பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு லத்தீப் மாமா ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டுகளுக்கும் பிணைச்சல்களுக்கும் நடுவில், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்பார்கள். அந்த வரியின் அர்த்தம் அவருக்குத் தெரியாது என்றே இத்தனை நாளும் நானும் அஸ்மியும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் பயத்தோடுதான். மாமா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுது மகள், எழுது," என்றார். "ஆனா உண்மைய எழுது. நீ நன்றி சொன்ன அந்த விசைய நான் குடுத்த ஒரு கையாலதான்."

ஒரு கையால்தான் தூக்கினார்.